ஆகாசச் சீட்டும் அமெரிக்கச் சட்டமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ராக்கெட்டில் ஏறி ஆகாசத்தின் விளிம்பைத் தொட்டு மீள விரும்பும் தனவந்தர் எவராயினும், புறப்படுமுன் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அவர் ஏறப்போகும் வாகனம் மனிதரை ஏற்றிச் செல்வதற்குப் பத்திரமானதென்று அமெரிக்க சர்க்கார் அத்தாட்சி அளிக்கவில்லை என்பதை அப்பத்திரம் அவருக்கு அறிவிக்கிறது. இது கம்பெனிக்கு ஆகாதவர் எவரோ கிளப்பிய புரளியன்று. கம்பெனியே எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டுமென்று அந்நாட்டுச் சட்டம் விதித்துள்ள எச்சரிக்கை. நமது ரயில்வே நிர்வாகத்தார், 'வழியிலுள்ள பாலங்களை எவரும் பரிசோதித்ததில்லை. சம்மதமாயின் ஏறலாம்' என்று டிக்கெட்டின் பின்புறத்தில் அச்சிட்டு விற்பார்களாயின் நேயர்கள் யாது கூறுவார்கள்? அப்படிப்பட்ட சம்மதத்தையே அமெரிக்கச் சட்டம் முறையான சம்மதமென்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த விசித்திரத்தின் வரலாறு சுருக்கமானது. 2001-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி டென்னிஸ் டிட்டோ என்னும் அமெரிக்கத் தனவந்தர், சுமார் இரண்டு கோடி டாலர் செலுத்தி, ருஷ்யரின் ஸோயுஸ் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். தமது சொந்த தேசத்து நாஸா ஸ்தாபனம் ஆட்சேபித்தும் அவர் போய் வந்தார். 2004-ம் வருஷத்தில் தனியார் நிர்மாணித்த 'ஸ்பேஸ்ஷிப்-ஒன்' என்னும் சிறு கலம் மும்முறை ஆகாசத்தின் எல்லையைக் கடந்து, ஒரு கோடி டாலர் பரிசையும் வென்றது. அவ்வருஷம் டிசம்பரிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சபை இத்தொழிலுக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. ராக்கெட்டு விழுந்தால் கீழே வீட்டிலும் வயலிலும் இருக்கும் ஜனங்களுக்குத் தீங்கு நேராதபடி காக்கும் அதிகாரத்தை அச்சட்டம் மத்திய விமான இலாகாவுக்கு அளித்தது. ராக்கெட்டினுள் இருப்பவரைக் காக்கும் அதிகாரத்தையோ அது பெரும்பாலும் கட்டிப்போட்டு வைத்தது. உயிர்ச்சேதமோ, பலத்த காயமோ, அவற்றுக்கு வெகு அருகில் கொண்டுபோய் விட்ட விபரீதமோ நேர்ந்தாலன்றி, உள்ளே ஏறுவோரின் தேகநலத்துக்காக அந்த இலாகா விதியொன்றும் செய்யலாகாது. முதலில் சாவு வரவேண்டும். பிறகே விதி வரலாம் என்பது அச்சட்டத்தின் கிரமம்.

இந்தத் தடைக்கு 'கற்றுக்கொள்ளும் காலம்' என்று ஒரு நல்ல பெயரும் சூட்டினார்கள். இளந்தொழிலைச் சிசுப் பருவத்திலேயே விதிகளால் நெருக்கலாகாது. எட்டு வருஷம் அது தானே கற்றுத் தேறட்டும் என்பது அன்று கூறிய சமாதானம். எட்டு வருஷம் கழிந்தபோது கெடு 2015-க்குத் தள்ளப்பட்டது. 2015-ல் மறுபடியும் 2023-க்குத் தள்ளப்பட்டது. அதன்பின் சில மாதக் கணக்கில் ஒட்டுப்போட்டு நீட்டினார்கள். கடைசியில் 2024-ம் வருஷம் மே மாதத்தில் நிறைவேறிய விமானச் சட்டத்தின் மூலம் 2028-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி வரையில் நீட்டியிருக்கிறார்கள். ஆக, இருபத்து மூன்று வருஷம் பாலபாடம்! சர்வகலாசாலைப் பட்டம் பெறுதற்குங்கூட இவ்வளவு காலம் எவருக்கும் அனுமதிக்கப்படுவதில்லை.

சட்டம் வழங்கிய சொல்லையும் கவனிக்க வேண்டும். பணங்கொடுத்து ராக்கெட்டில் ஏறுபவரை அது 'பிரயாணி' என்று அழைப்பதில்லை. 'விண்வெளிப் பயணத்தில் பங்கு கொள்பவர்' என்றே அழைக்கிறது. பிரயாணி என்றால் அவரைக் கொண்டு செல்வோனுக்கு ஒரு கடமை உண்டென்பது உலகமறிந்த வியாபார தருமம். பங்கு கொள்பவர் என்றாலோ, நேர்வது எதுவாயினும் அதிலும் அவருக்குப் பங்கு உண்டு! ஒரு பெயர்மாற்றத்தால் எத்தனை வழக்குகளைத் தவிர்க்கலாம் என்பதை நமது வக்கீல்மார் நன்கறிவர். இதுவும் போதாதென்று, 2007-ம் வருஷத்தில் வர்ஜீனியா மாகாணம், பயணத்தில் நேரும் தீங்குக்குக் கம்பெனியார் பொறுப்பாளியல்லர் என்று தனியே ஒரு சட்டம் செய்தது. வேறு சில மாகாணங்களும் அதைப் பின்பற்றின. 2015-ம் வருஷத்து மத்தியச் சட்டமோ, பரஸ்பரம் வழக்காடுவதில்லை என்னும் உரிமைத் துறப்பில் இந்தப் பங்காளிகளையும் சேர்த்துவிட்டது.

இருபது வருஷத்துக்கு மேற்பட்ட இந்தக் கற்றலில் கற்றது என்ன? அதற்குக் கொடுத்த குருதக்ஷிணை என்ன?

2007-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி, கலிபோர்னியாவிலுள்ள மொஹாவே பாலைவனத்தில், உல்லாசப் பயண ராக்கெட்டுக்கான யந்திரத்தைச் சார்ந்த பரீக்ஷை ஒன்று நடந்தது. நைட்ரஸ் ஆக்ஸைட் என்னும் வாயுவைக் குழாயில் செலுத்திப் பார்த்தார்கள். நெருப்பு மூட்டவே இல்லை. ஆயினும் தொட்டி வெடித்தது. ஸ்கேல்டு காம்போஸிட்ஸ் கம்பெனியின் தொழிலாளர் மூவர் மாண்டனர், மூவர் படுகாயமுற்றனர். மாகாணத்தின் தொழிற்பாதுகாப்பு இலாகா விசாரித்து விதித்த அபராதம் முப்பதாயிரம் டாலருக்கும் குறைவு. 2021-ம் வருஷத்தில் இத்தகைய பயணமொன்றில் ஒரே ஆசனம் இரண்டு கோடியே எண்பது லக்ஷம் டாலருக்கு ஏலம் போயிற்று. பத்தே நிமிஷப் பயணம் அது. இவ்விரண்டு தொகைகளையும் நேயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாக.

2014-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி அதே பாலைவனத்தின் மீது 'ஸ்பேஸ்ஷிப்-டூ' என்னும் கலம் வானில் சிதறிற்று. துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி உயிரிழந்தார். விமானி பீட்டர் ஸீபோல்டு கலம் உடைந்து வெளியே வீசப்பட்டும், பாராசூட்டின் உதவியால் பலத்த காயங்களுடன் பிழைத்தார். கலம் கீழிறங்குகையில் வேகத்தைக் குறைப்பதற்காக அதன் வால்பாகம் மேல்நோக்கி மடிவதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பூட்டை ஒலியின் வேகத்தைப்போல் 1.4 மடங்கு வேகம் வந்த பின்னரே திறக்க வேண்டும். துணை விமானி சுமார் 0.8 மடங்கிலேயே திறந்துவிட்டார். சில விநாடிகள்தாம் பிழை. 'விமானியின் தவறு' என்று சொல்லி ஏட்டை மூடிவிடுதல் எளிது. ஆனால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் போர்டார் அவ்வாறு மூடவில்லை. ஒரு மனிதன் ஒரே முறை தவறினால் கலமே அழியுமாயின், அத்தவறு நேராதபடி தடுக்கும் ஏற்பாட்டைக் கலத்திலேயே செய்யாத நிர்மாணகரே காரணம் என்று 2015-ம் வருஷம் ஜூலையில் தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பு இவ்விஷயத்தில் வெளிவந்த பத்திரங்களுள் மிகவும் மதிக்கத்தக்கது என்பது நமது அபிப்பிராயம். மனிதன் தவறுவான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு யந்திரத்தைச் செய்வதுதான் யந்திர சாஸ்திரம்.

இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகாச உல்லாசப் பயணத் தொழிலில் இதுவரை மாண்டவர்களுள் சீட்டு வாங்கிய சீமான் ஒருவருமில்லை. மாண்டவர் அனைவரும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். 'செல்வர்கள் தாமே விரும்பி உயிரைப் பணயம் வைத்தால் நமக்கென்ன?' என்று கேட்பவர் நம்மிடையே பலர் உண்டு. நாமும் அப்படி நினைத்திருந்தோம். மொஹாவேயில் குழாயருகே நின்ற தொழிலாளிக்கு அப்படி விரும்ப வேண்டிய அவசியம் என்ன இருந்தது? அவன் கண்டது ஆகாசத்தையன்று, மாதக் கூலியை. சம்மதப் பத்திரத்தைப் பற்றியே வாதிடும் சட்டசபைக்கு அவனுடைய நினைவு வருவதாகத் தெரியவில்லை.

2021-ம் வருஷத்தில்தான் இத்தொழில் உலகப் பத்திரிகைகளின் முதற் பக்கத்துக்கு வந்தது. ஜூலை 11-ந் தேதி ஸர் ரிச்சர்டு பிரான்ஸன் தமது கம்பெனியின் 'யூனிட்டி' கலத்தில் சென்று மீண்டார். ஒன்பது நாள் கழித்து ஜெப் பெஸோஸ் தமது 'நியூ ஷெப்பர்டு' ராக்கெட்டில், 82 வயது மாது ஒருவரையும் 18 வயது இளைஞர் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு சென்று மீண்டார். இரண்டையும் உலகம் கொண்டாடிற்று. பிரான்ஸனுடைய கலம் கீழிறங்குகையில் தனக்கு விதிக்கப்பட்ட ஆகாயப் பாதையை விட்டு 1 நிமிஷமும் 41 விநாடியும் விலகிப் பறந்ததென்பது கொண்டாட்டம் அடங்கிய பின்னரே வெளியாயிற்று. செப்டம்பரில் விமான இலாகா அக்கலத்தைத் தரையில் நிறுத்தி விசாரித்து, மாத முடிவில் திருத்தங்களுடன் அனுமதித்தது. பாதை என்பது வெளியே இருப்பவரைக் காப்பதற்கானது. ஆகவே அதில் இலாகாவுக்கு அதிகாரம் இருந்தது. கலத்தினுள்ளிருந்த அறுவரின் உயிருக்காக அதே இலாகா எந்த விதியையும் காட்டி எதையும் நிறுத்தியிருக்க முடியாது.

நியூ ஷெப்பர்டின் கதையும் கேட்கத்தக்கது. 2022-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி அந்த ராக்கெட்டு புறப்பட்டு ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலான போது யந்திரத்தின் புகைவாய் அதிவெப்பத்தால் பழுதுற்றது. ராக்கெட்டு அழிந்தது. அதன் தலையில் இருந்த கூண்டை அபாய காலத்துக்கென அமைத்த யந்திரம் பிடுங்கி எறிந்து காப்பாற்றிற்று. தெய்வாதீனமாக அன்று கூண்டினுள் மனிதர் இல்லை. ஆராய்ச்சிச் சாமான்களே இருந்தன. தப்பும் ஏற்பாடு செவ்வனே வேலை செய்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கம்பெனியின் பெருமைக்குரிய விஷயமே அது. இலாகா 21 திருத்தங்களைக் கேட்டது. ராக்கெட்டு மீண்டும் பறக்க ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. பின்னர் 2024-ம் வருஷம் மே 19-ந் தேதி மனிதரை ஏற்றிச் சென்றபோது, கூண்டின் மூன்று பாராசூட்டுகளில் ஒன்று முழுதும் விரியவில்லை. இரண்டே போதுமென்று அமைத்திருந்தபடியால் அறுவரும் நலமாக இறங்கினர். அவர்களுள் 90 வயது முதியவர் ஒருவரும், இந்தியாவில் பிறந்த விமானி ஒருவரும் இருந்தனர்.

இன்னும் ஒரு விஷயம் நமக்கு விளங்கவேயில்லை. 1971-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி ருஷ்யரின் ஸோயுஸ்-11 கலம் பூமிக்குத் திரும்பியது. கூண்டு ஒழுங்காகத் தரையில் இறங்கிற்று. கதவைத் திறந்தபோது உள்ளே மூவரும் பிணமாக இருந்தனர். ஒரு சிறு வால்வு உயரத்திலேயே திறந்து காற்று முழுதும் வெளியேறிவிட்டது. அவர்கள் காற்றழுத்த உடை அணிந்திருக்கவில்லை. மூவர் இருக்க அவ்வுடைகளுக்கு இடம் போதாதிருந்தது. அதன்பின் ருஷ்யர் இருவரை மட்டும் உடையுடன் அனுப்பினார்கள். கலத்தைத் திருத்தியமைத்த பிறகே மூவரை அனுப்பினார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் மூன்று உயிர் கொடுத்து வாங்கிய பாடம் இது. ஆயினும் யூனிட்டியிலும் நியூ ஷெப்பர்டிலும் ஏறியவர்கள் காற்றழுத்த உடை அணியவில்லை. அழகிய நீலச் சட்டை அணிந்தார்கள். பயணம் சில நிமிஷங்களே என்பது சமாதானம். காற்று வெளியேறினால் மனிதன் நினைவிழப்பதற்குச் சில விநாடிகளே போதும். இதற்கு விதி செய்ய ஓர் இலாகாவுக்கு அதிகாரமில்லை என்பது வெட்கத்துக்குரியது.

இனித் தேகநலத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். ராக்கெட்டு ஏறும்போதும் இறங்கும்போதும் சரீரத்தின் எடை மூன்று முதல் ஐந்து மடங்காகத் தோன்றும். வாலிபனுக்கு இது ஒரு வேடிக்கை. இருதயக் கோளாறுள்ள முதியவருக்கோ சோதனை. இடையில் எடையே இல்லாத சில நிமிஷங்கள். உடனே மறுபடியும் பளு. டெக்ஸாஸ் வைத்திய சர்வகலாசாலையார் 20 முதல் 78 வயது வரையுள்ள எண்பதுக்கு மேற்பட்ட தொண்டர்களைச் சுழல் யந்திரத்தில் ஏற்றிப் பார்த்தனர். இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய வியாதி முதலியன உடையவர்களும் அவர்களிடையே இருந்தனர். வியாதி கட்டுக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் இதைத் தாங்கினர் என்பது முடிவு. இது நல்ல செய்தியே. ஆனால் அத்தொண்டர்களை முன்னதாக வைத்தியர் சோதித்தார்கள். பக்கத்திலேயே வைத்தியர் நின்றார்கள். யந்திரத்தை நிறுத்தும் பொத்தானும் இருந்தது. ஆகாசத்தில் அப்பொத்தான் இல்லை.

பூமியைச் சுற்றிவரும் நீண்ட பயணங்களில் சங்கடங்கள் வேறு. முதல் சில தினங்களில், பழகிய ஆகாச வீரர்களிலேயே பத்துப் பேரில் ஆறு முதல் எட்டுப் பேருக்கு மயக்கமும் வாந்தியும் காண்கின்றன. இரத்தம் காலிலிருந்து தலைக்கு ஏறி முகம் வீங்குகிறது. உடலைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை வீதம் சத்தை இழக்கின்றன. 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நிலையத்தில் வசித்த 11 பேரைச் சோதித்ததில் 6 பேருக்குக் கழுத்து நாளத்தில் இரத்தம் தேங்கியோ திரும்பியோ ஓடிற்றென்றும், அந்த 11 பேரில் ஒருவருக்கு இரத்தக் கட்டியே ஏற்பட்டதென்றும் கண்டனர். பூமியில் இயற்கையாக ஒரு வருஷத்தில் மனிதன் ஏற்கும் கதிரியக்கம் சுமார் 2.4 மில்லிஸீவர்ட், நிலையத்தில் ஒரே நாளில் அரை முதல் ஒரு மில்லிஸீவர்ட் வரை ஏற்கிறான். நாஸா தன் ஊழியர்களுக்கு ஆயுள் முழுமைக்கும் 600 மில்லிஸீவர்ட் என்று வரம்பு கட்டியிருக்கிறது. சீட்டு வாங்கியவருக்கு வரம்பு கட்டியவர் யாருமில்லை. மூன்று நான்கு நாள் பயணத்துக்கு அது பெரிய அபாயமன்று என்பது மெய். ஆனால் கம்பெனிகள் மூன்று நாளோடு நிற்கப்போவதாகச் சொல்லவில்லையே! 2024-ம் வருஷம் செப்டம்பரில் 'போலாரிஸ் டான்' என்னும் தனியார் பயணம் 1,400 கிலோமீட்டர் உயரம் வரை சென்றது. கதிரியக்கம் மிக்க பிரதேசம் அது.

ராக்கெட்டை ஓட்டுபவர்களுக்கு வைத்தியச் சான்று வேண்டுமென்று அமெரிக்க விதி சொல்கிறது. பணங்கொடுத்து உட்காருபவருக்கு அவ்விதி இல்லை. கம்பெனி வைத்தியர் பார்த்துச் சரியென்றால் சரி. ஆசனத்தை விற்பவரும் அவரே. ஆரோக்கியத்தைத் தீர்மானிப்பவரும் அவரே. ருஷ்யரிடம் சென்றவர்களின் அனுபவத்தை இதனுடன் ஒப்பிடுக. கிரெகரி ஓல்ஸன் என்னும் அமெரிக்கருக்கு 2004-ல் நுரையீரலில் ஒரு கறை தென்படவே பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டனர். மறுபடியும் சோதித்துத் தேறிய பிறகே 2005-ல் அழைத்துச் சென்றனர். ஜப்பானியரான டைஸூகே எனோமோட்டோ கோடிக்கணக்கான டாலர் கட்டி, பயிற்சியும் முடித்து, புறப்பட ஒரு மாதமே இருக்கையில், 2006-ம் வருஷம் ஆகஸ்டில் தேகநிலையைக் காரணங்காட்டித் தடுக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக அனூஷே அன்ஸாரி என்னும் மாது சென்றார். பணத்தைத் திரும்பக் கேட்டு அவர் கோர்ட்டுக்குப் போனது வேறு கதை. பணம் வாங்கிய பிறகும் 'ஆகாது' என்று சொல்லத் துணிந்த வைத்தியர் அங்கே இருந்தனர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

எதிர்க்கட்சியாரின் வாதங்களையும் அலட்சியம் செய்யலாகாது. மலையேறுபவனை எவரும் தடுப்பதில்லையே, அபாயத்தை ஏற்பது மனிதனின் சுதந்திரமன்றோ என்கின்றனர். சுதந்திரத்துக்கு நாம் விரோதிகளல்லோம். ஆனால் மலையேறுபவன் தன் கயிற்றைத் தானே இழுத்துப் பார்க்கிறான். தன் காலில் தானே நிற்கிறான். மேகம் கண்டால் திரும்புகிறான். ராக்கெட்டில் ஏறியவன் எதைப் பரிசோதிப்பான்? வால்வையா, புகைவாயையா? நிபுணர்களே அபாயத்தின் அளவை அறியாதிருந்த காலமும் உண்டு. சாலஞ்சர் கலம் 1986-ல் வெடித்து, பள்ளிக்கூட ஆசிரியை ஒருவருள்பட எழுவர் மாண்டபோது, நடந்த விசாரணையில் ரிச்சர்டு பெயின்மன் என்னும் விஞ்ஞானி ஒன்றை வெளிப்படுத்தினார். கலம் அழியும் சந்தர்ப்பம் லக்ஷத்தில் ஒன்று என்று நிர்வாகிகள் நம்பினர். நூற்றில் ஒன்று என்று யந்திர நிபுணர்கள் எண்ணினர். 135 பயணங்களில் இரண்டு கலங்கள் அழிந்தன. 14 பேர் மாண்டனர். கர்னாலில் பிறந்த நமது கல்பனா சாவ்லா அவர்களுள் ஒருவர். நிபுணர்கள் கணக்கே உண்மைக்கு அருகில் இருந்தது. நிர்வாகிகளே அறியாத அபாயத்தைச் சீட்டு வாங்குபவன் 'அறிந்து' சம்மதித்தான் என்பது எத்தகைய அறிவு?

சம்மதப் பத்திரத்தின் மதிப்பை ஆகாசத்தில் அன்று, கடலடியிலேயே உலகம் கண்டுவிட்டது. 2023-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற 'டைட்டன்' என்னும் மூழ்குகலம் நொறுங்கி ஐவர் மாண்டனர். அந்தக் கலத்துக்கு எந்தத் தரநிர்ணய ஸ்தாபனத்தின் அத்தாட்சியும் இல்லை. அங்கும் பணங்கொடுத்தவருக்குப் பிரயாணி என்று பெயரில்லை. 'காரிய நிபுணர்' என்றனர். அங்கும் மரணத்தைப் பலமுறை குறிப்பிட்ட பத்திரத்தில் கையெழுத்து வாங்கினர். அது தவிர்த்திருக்கக்கூடிய விபத்தே என்று 2025-ல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விசாரணை கூறிற்று. அந்த டைட்டானிக்கே 1912-ல் மூழ்கியபோது, ஏறத்தாழ 2,200 பேருக்கு 1,178 பேர் ஏறத்தக்க படகுகளையே வைத்திருந்தது. அப்போதைய சட்டம் கேட்டதைவிட அது அதிகம் என்பதும் கவனிக்கத்தக்கது.

விதிகள் வந்தால் தொழில் செத்துவிடும் என்பது மற்றொரு வாதம். ஆகாய விமானத் தொழிலின் சரித்திரம் இதற்கு நேர் விரோதமான சாக்ஷியம். 1926-ம் வருஷத்தில் அமெரிக்கா விமானங்களுக்கும் விமானிகளுக்கும் லைசென்ஸ் விதித்துச் சட்டம் செய்தபோது, அச்சட்டத்தை வேண்டிக்கொண்டவர்களே விமான முதலாளிகள்தாம். பயந்து நின்ற ஜனங்கள் நம்பி ஏறுவதற்குச் சர்க்காரின் முத்திரை வேண்டுமென்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆகாசத் தொழிலிலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. எலான் மஸ்கின் 'டிராகன்' கலத்தில் 2021-ம் வருஷம் செப்டம்பரில் நால்வர் மூன்று நாள் பூமியைச் சுற்றி வந்தனர். இளவயதில் எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டு, காலில் செயற்கை எலும்பு பொருத்திய பெண்மணி ஒருவரும் அவர்களில் ஒருவர். அவர்கள் தேகத்தில் நேர்ந்த மாறுதல்கள் பெரும்பாலும் சில மாதத்தில் சீர்பட்டன என்று 2024-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். இந்த நல்ல பெயருக்குக் காரணம் யாது? அக்கலம் முதலில் நாஸாவின் ஊழியர்களுக்காகச் செய்யப்பட்டது. நாஸாவின் நிபுணர்கள் வருஷக்கணக்கில் அதைத் துருவினர். 2019-ம் வருஷம் ஏப்ரலில் ஆளில்லாத டிராகன் ஒன்று பரீக்ஷை மேடையிலேயே வெடித்தது. காரணம் கண்டு திருத்திய பின்னரே, 2020-ல் மனிதருக்கு ஏற்றதென்று நாஸா சான்றளித்தது. தனியாரின் சாமர்த்தியத்தோடு பொதுஜனக் கண்காணிப்பும் சேர்ந்து விளைந்த பயன் இது. தடை இல்லாமையால் விளைந்ததன்று. அதே நாஸா, போயிங் கம்பெனியின் 'ஸ்டார்லைனர்' 2024-ம் வருஷம் ஜூனில் பழுதுடன் நிலையத்தை அடைந்தபோது, சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும் அதில் திருப்பியனுப்ப மறுத்தது. எட்டு நாளில் திரும்ப வேண்டியவர்கள் 286 நாள் கழித்து வேறு கலத்தில் நலமாக வந்தனர். சீட்டு வாங்கிய சீமானுக்காக அவ்வாறு மறுத்துக் கூறுபவர் யார்?

நமது தேசமும் சமீபத்தில் இத்தகைய சீட்டு ஒன்றை வாங்கிற்று. 2025-ம் வருஷம் ஜூனில் சுபான்ஷு சுக்லா தனியார் ஏற்பாடு செய்த ஆக்ஸியம்-4 பயணத்தில், இந்திய சர்க்காரின் செலவில், நிலையத்துக்குச் சென்றார். புறப்படுமுன் நடந்த பரீக்ஷையில் ராக்கெட்டில் திரவ ஆக்ஸிஜன் கசிவதாகத் தெரிந்தது. கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்த வி. நாராயணன் அவர்களின் தலைமையிலுள்ள இஸ்ரோ ஸ்தாபனத்தார், கசிவைச் சரிசெய்து பரீக்ஷித்த பிறகே ராக்கெட்டு புறப்படலாம் என்னும் ஏற்பாட்டைத் தெரிவித்தனர். ஜூன் 11-ந் தேதி போகவேண்டியது ஜூன் 25-ந் தேதியே போயிற்று. வாங்குபவன் ராக்கெட்டின் குணதோஷம் அறிந்த தேசமாக இருந்தால் இவ்வாறு கேள்வி கேட்கலாம். தனிமனிதன் கேட்க முடியாது. ஆகவேதான் அவனுக்காகக் கேட்க ஒரு சட்டம் வேண்டும்.

அமெரிக்கக் காங்கிரஸுக்காக ஆராய்ந்த ராண்டு ஸ்தாபனம், தடை காலாவதியாகட்டும் என்று 2023-லேயே யோசனை கூறியது. அதைத் தள்ளி நீட்டித்தார்கள். விமான இலாகா 2014-லும் 2023-லும் வெளியிட்ட சிபார்சு ஏடுகள் நல்ல யோசனைகள் நிறைந்தவை. ஆனால் சிபார்சைக் கேட்காதவனைக் கேட்பாரில்லை. காற்றழுத்த உடை, சுயேச்சையான வைத்தியர் சோதனை, மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் பகிரங்கமாக வெளியிடும் கடமை, பரீக்ஷை மேடையில் நிற்கும் தொழிலாளிக்கும் பொருந்தும் விதிகள் ஆகிய இவற்றை 2028-ம் வருஷம் ஜனவரிக்கு முன்பே தயாரித்து வைப்பதில் எந்தத் தொழிலும் சாகாது.

இந்தியாவில் மனிதரை விற்பனைக்கு ஏற்றிச் செல்லும் ராக்கெட்டு இன்னும் எழவில்லை. ஆனால் 2020-ல் இத்துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2023-ல் விண்வெளிக் கொள்கை வெளியாயிற்று. 2024-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி நமது குலசேகரன்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான தளத்துக்கு அஸ்திவாரமும் போட்டாயிற்று. 2017-ல் சர்க்கார் வெளியிட்ட விண்வெளிச் சட்ட நகலோ பல வருஷங்களாக நகலாகவே கிடந்தது. அதைச் செப்பனிடும் அங்கத்தினர்கள், அமெரிக்கச் சட்டத்தை மேஜைமேல் விரித்துப் பிரதி எடுக்கும் வழக்கத்தை இம்முறை கைவிட வேண்டும். பணங்கொடுத்து ஏறுகிறவரைப் பிரயாணி என்றே அச்சட்டம் எழுதட்டும். குலசேகரன்பட்டினத்துத் தொழிலாளியின் பெயரையும் அதே அத்தியாயத்தில் சேர்க்கட்டும்.